கழுத்துக்குப் பின்னாடி கை போகாதவங்களும் மாட்டுற மாதிரி கொக்கி செய்றது எப்படி: புதுசா நகை செய்றவங்களுக்கு

நகை செய்யக் கத்துக்கிட்டு வர்றவங்க முக்காவாசிப் பேரு டிசைன்னா முன்பக்கம்னுதான் நெனைக்கிறாங்க, கல்லு எங்க வைக்கலாம், முத்து என்ன கலரு, பென்டன்ட் எவ்ளோ பெருசுன்னு நாள் கணக்கா யோசிப்பாங்க, கடைசில கொக்கின்னு வர்றப்போ பாக்கெட்ல இருந்து லாப்ஸ்டர்னு சொல்ற, நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கிற ரெடிமேட் கொக்கி ஒண்ண எடுத்து கோத்து முடிச்சிடுவாங்க. ஆனா போடறவங்க தெனமும் கையால தொடறது அந்தக் கொக்கியத்தான். அது படிய வரலன்னா எவ்ளோ நல்ல நகையும் பீரோலயே கெடக்கும், இல்லன்னா ஒரு தடவ மாட்டிட்டு கழட்டவே பயந்துகிட்டு குளிக்கிறப்பவும் தூங்குறப்பவும் கழுத்துலயே கெடந்து வேர்வையில கறுத்துப் போகும்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இத இன்னும் கவனமா பாக்கணும்னு நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்க பல ஊர்ல போர் தண்ணில ஃபுளோரைடு ரொம்ப நாளா அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்கிற அளவ தாண்டி இருந்த தண்ணியத்தான் நம்ம பெரியவங்க சின்ன வயசுல இருந்து குடிச்சாங்க, ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013லதான். அந்த ஃபுளோரைடு பல்ல மட்டும் காவியாக்கிட்டு விடறதில்ல, எலும்புலயும் படியும், கழுத்து, முதுகு, தோள்பட்டை எல்லாம் இறுகிப் போய் கையத் தூக்கி பின்கழுத்துக்குக் கொண்டு போறதே பெரிய பாடா ஆயிடும். இதோட சரவாங்கி, சர்க்கரையால விரல் மரத்துப் போறது, வருஷக்கணக்கா புளி தட்டிக் கொட்ட எடுத்து காச்சுப் போன விரலு, பட்டுக்கூட்டுல நூல் எடுக்க சுடுதண்ணில ஊறுன கையின்னு எல்லாம் சேத்துப் பாருங்க. இவங்கதான் நம்மகிட்ட நகை வாங்குறவங்க. ஒரு ஆயா எங்கிட்ட வந்து, "ஏம்மா, இதக் கழட்டணும்னா பேத்தி ஸ்கூல் விட்டு வரணும்மா"ன்னு சொன்னாங்க. "குடுங்க ஆயா, கொக்கிய மாத்தித் தரேன்"னு வாங்கி வச்சேன். செயின்ல ஒரு கோளாறும் இல்ல, கொக்கி மட்டுந்தான் அவங்க விரலுக்கு ரொம்பப் பொடிசு.

மொதல்ல கையப் பாருங்க

பேப்பர் பென்சில் எடுக்குறதுக்கு முன்னாடி, யாருக்காக செய்றீங்களோ அவங்களே ஒரு நகைய மாட்டிக் கழட்டுறத பக்கத்துல உக்காந்து பாருங்க. நீங்க உதவாதீங்க, இப்படிப் புடிங்கன்னு சொல்லாதீங்க, சும்மா பாருங்க. சாதாரண 10 மில்லிமீட்டர் (நாங்க மில்லின்னுதான் சொல்வோம்) லாப்ஸ்டர் மாட்டும்போது ஒரே நேரத்துல எத்தன வேல நடக்குதுன்னு அப்பத்தான் தெரியும். ஒரு கை கொக்கியோட உடம்பப் புடிக்கணும், அதே கையோட கட்டைவிரல் நகத்தால வாயத் தெறக்கிற அந்தக் குட்டி நெம்ப இழுத்துக்கிட்டே இருக்கணும், இன்னொரு கை 4 மில்லி வளையத்த நேராத் திருப்பி வாய்க்குள்ள விடணும், இது எல்லாத்தையும் கண்ணுல பாக்காம, ரெண்டு கையயும் தலைக்குப் பின்னால தூக்கி வச்சிக்கிட்டு செய்யணும். இதுல எதாவது ஒண்ணு முடியலன்னாலும் மொத்தமும் முடியல.

அதனால கொக்கி டிசைன்னா இந்த வேலைகள்ல எத எடுத்துடலாம், எத மொதல்ல செஞ்சு எத அப்புறம் செய்ய வைக்கலாம்னு யோசிக்கிறதுதான். நான் எப்பவும் பாக்குறது மூணு விஷயம். நகம் இல்லாம தெறக்க வருதா, கண்ண மூடிக்கிட்டு வாய் எங்கன்னு விரலுக்குத் தெரியுதா, மாட்டுனதுக்கப்புறம் கைய விட்டாலும் அது பாட்டுக்கு நிக்குதா. பிடிக்கிறது, பூட்டுறது ரெண்டும் ஒரே நொடியில நடந்தாகணும்னு இருக்கிற கொக்கிதான் கஷ்டப்படுத்தும். மொதல்ல சும்மா தொங்க விட்டுட்டு, மூச்சு வாங்கிட்டு, அப்புறமா பூட்டலாம்னா யாருக்கும் வரும்.

எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க

பின்கழுத்துலதான் கொக்கி இருக்கணும்னு யாரும் சட்டம் போடல. நம்ம தாலிச் செயின்லயே பக்கவாட்டுல முகப்பு வைக்கிற பழக்கம் இருக்கே, அதுதான் கொக்கி வைக்க சரியான எடம்னு எனக்குத் தோணுது. அங்க ரெண்டு கையும் நெஞ்சு மட்டத்துலயே போகும், குனிஞ்சு பாத்தா கண்ணுக்கும் தெரியும், தோள் தூக்கவே வேண்டாம். முகப்போட பின்தகட்டுல கொக்கிய மறைச்சு வச்சிட்டா முன்னாடி இருந்து பாக்கிறவங்களுக்கு முகப்பு மட்டுந்தான் தெரியும். ஆஸ்பத்திரில ஸ்கேன், ஆபரேஷன்னு போறப்போ படுத்திருக்கிறவங்க கழுத்துல இருந்து நர்ஸோ மகளோ கழட்டுறதுக்கும் இந்த எடம் சுலபம், கழுத்தத் திருப்பச் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொரு வழி, கொக்கியே இல்லாம தலை வழியா போடற நீளம். பெரியவங்க மண்டைச் சுத்தளவு 22 இஞ்சு பக்கம் வரும், அதனால 24 இஞ்சு செயின் இழுத்துப் புடிச்சாதான் போகும், கொண்டை போட்டவங்களுக்கு அதுவும் மாட்டிக்கும். 28 இஞ்சுக்கு மேல போனா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. கணக்கெல்லாம் எதுக்கு, ஒரு நூல வட்டமா முடிச்சு போட்டு அவங்க தலைல கொண்டையோட மாட்டிப் பாருங்க, அதுக்கு மேல ரெண்டு இஞ்சு சேத்துக்குங்க. ஆரத்துக்கு பின்னாடி கயிறு வச்சு, மணிய மேல தள்ளுனா இறுகுற மாதிரி செய்வாங்க இல்லையா, அதுவும் இதே ஐடியாதான், கயிற லூசாக்கி தலை வழியா போட்டு இழுத்துக்கலாம். வெயிட்டான கல்யாண செட்டுக்கு இதவிட நல்லது கெடையாதுன்னு சொல்வேன், அந்த மணி மட்டும் கடலப்பருப்பு சைஸுல இல்லாம விரல் ரெண்டுக்கும் புடிபடுற சைஸுல இருக்கணும்.

எந்த வகை, யாருக்கு

லாப்ஸ்டர விடவே மனசு இல்லன்னா, 10 மில்லிக்கு பதிலா 14, 15 மில்லி வாங்குங்க, எதிர்ல இருக்கிற வளையத்த 8 மில்லிக்கு மேல வைங்க. நிறைய பேரு கொக்கிய மட்டும் பெருசாக்கிட்டு வளையத்த அப்படியே விட்டுடுறாங்க, விரல் தேடறது வளையத்தத்தானே. இந்த ஒரு மாத்தத்துலயே பாதிப் பேருக்கு பிரச்சனை தீந்துடும். ஒண்ணு ஞாபகம் வைங்க, லாப்ஸ்டருக்குள்ள இருக்கிறது எஃகு ஸ்பிரிங், நெருப்பு காட்டுனா தொய்ஞ்சு போயிடும். செயின்ல பத்தவைப்பு வேலையெல்லாம், அதாவது சூடு காட்டி ஒட்டுறதெல்லாம், முடிச்சிட்டு கடைசியாத்தான் ஜம்ப் ரிங்னு சொல்ற சின்ன கம்பி வளையம் போட்டு கோக்கணும். ஸ்பிரிங் ரிங்னு வட்டமா வர்றது இருக்கே, அத இந்த மாதிரி கைகளுக்கு நான் போடறதே இல்ல, அந்த நெம்பு கம்பி ரொம்பப் பொடிசு, தலைமுடியும் மாட்டிக்கும்.

டாகிள்னு வளையமும் குச்சியும் வர்றது கைச்செயினுக்கு நல்லா இருக்கும், ஸ்பிரிங் இல்ல, நகம் வேண்டாம். அளவு தப்புனாத்தான் கழண்டு விழும். வளையத்தோட உள்வட்டம் 12 மில்லின்னா குச்சி 20 மில்லி இருக்கட்டும், ரெண்டு பக்கமும் 4 மில்லி தாண்டி நிக்கணும். குச்சி பக்கத்துல கடைசி 2 சென்டிமீட்டருக்கு பெரிய மணி எதுவும் கோக்காதீங்க, குச்சி படுத்து உள்ள போறப்போ அந்த செயினும் கூட மடிஞ்சு போகணும், தடிமணி இருந்தா போகவே போகாது. இது தொளதொளன்னு இருக்கிற கைச்செயினுக்கு ஆகாது, கையத் தொங்க விட்டு ஆட்டுனா குச்சி தானா திரும்பி வெளிய வந்துடும், மணிக்கட்டுல ஓரளவு படிஞ்சு நிக்கிற அளவுக்கு செய்யுங்க.

காந்தம் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. பக்கத்துல கொண்டு போனாலே டப்புன்னு ஒட்டிக்குது, விரல் மரத்துப் போனவங்களுக்கும் அந்தச் சத்தம் கேக்குது, நல்லதுதான். ஆனா காந்தம் நேரா இழுத்தாத்தான் பலமா நிக்கும், பக்கவாட்டுல வழுக்குனா ஈஸியா விட்டுடும், முந்தானை மாட்டி இழுத்தாலே போதும். அதனால ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடுன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்கார்ற மாதிரி இருக்கிறதத்தான் வாங்கணும், மொட்டையா ரெண்டு தட்டு ஒட்டுறது வேண்டாம். லேசான நகைக்கு மட்டும் போடுங்க, தங்கத்துக்குப் போட்டா கூடவே ஒரு சின்ன பாதுகாப்பு செயின் வைக்காம குடுக்காதீங்க. இந்தக் கொக்கில வர்ற நியோடைமியம்ங்கிற பலமான காந்தம் சாதாரண ரகம்னா 80 டிகிரி சூட்டுக்கு மேல வலு போயிடும், பக்கத்துல பத்தவைக்க முடியாது.

முக்கியமா, வாங்குறவங்களுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கான்னு கூச்சப்படாம கேளுங்க. காந்தம் அதுல இருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கணும், பேஸ்மேக்கர் வைக்கிறது காறை எலும்புக்குக் கீழதான், கழுத்துச் செயின் கொக்கி கழட்டுறப்போ முன்னாடி வந்தா நேரா அதுமேலதான் படும். அவங்களுக்கு காந்தமே வேண்டாம், வேற கொக்கி போடுங்க. எம்ஆர்ஐ எடுக்கப் போறவங்க காந்தக் கொக்கிய கட்டாயம் கழட்டி வெளியவே வச்சிட்டுப் போகணும். கொழந்தைங்க போடற நகைல காந்தம் வைக்கவே வைக்காதீங்க, ரெண்டு துண்டு முழுங்கிட்டா குடலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு ஒண்ண ஒண்ணு இழுத்து குடலையே ஓட்டை போட்டுடும்.

ஏற்கனவே இருக்கிற செயின வெட்டாம மாத்தணும்னு கேட்டா, லாப்ஸ்டருக்கும் வளையத்துக்கும் நடுவுல மாட்டுற மாதிரி ஒரு காந்தக் கொக்கிய தனியா செஞ்சு குடுத்துடலாம், லாப்ஸ்டர் எப்பவும் மூடியே இருக்கும், தெனமும் தெறக்கிறது காந்தம் மட்டும்.

எஸ் கொக்கி செஞ்சு பாப்போம்

எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்சது நம்ம பழைய எஸ் கொக்கிதான். நெம்பு இல்ல, ஸ்பிரிங் இல்ல, கெட்டுப் போக ஒண்ணுமே இல்ல. புதுசா வர்றவங்க மொதல்ல இத கத்துக்கணும். ஆரம்பத்துல வெள்ளில கை வைக்காதீங்க, 1.2 மில்லி செம்புக் கம்பில செஞ்சு பழகுங்க.

கம்பிய நாலரை சென்டிமீட்டர் வெட்டுங்க. ரெண்டு முனையையும் அரத்தால உருட்டி எமரி பேப்பர்ல 400, 800, 1200 நம்பர்னு வரிசையா வழவழப்பாக்குங்க, வளைச்சதுக்கப்புறம் உள்முனைக்கு அரம் போகாது. வட்ட மூக்கு குறடால ஒரு முனைய 3 மில்லி உள்வட்டம் வர்ற மாதிரி வளைங்க, இதுதான் செயின் கோக்கிற பக்கம். இந்த வட்டத்துல செயினோட கடைசிக் கண்ணிய கோத்து வெங்காரம் தடவி பொடி (பத்தவைக்கிற உலோகம்) வச்சு நெருப்பு ஊதி முழுசா மூடிடணும், தெறந்து விட்டா செயின் நழுவிடும். இன்னொரு முனைய எதிர்ப்பக்கமா ஒரு பென்சில் மேல வச்சு முக்கால் வட்டம் வளைங்க, பென்சில் 7 மில்லி பக்கம் இருக்கிறதால சரியா வரும். இப்ப அந்தத் தெறந்த முனையோட கடைசி 2, 3 மில்லிய மட்டும் குறடால லேசா வெளிய பாத்த மாதிரி ஒதடு மாதிரி மலத்தி விடுங்க. இந்த ஒதடுதான் எல்லாம். கண்ண மூடிக்கிட்டு வளையத்த அதுமேல தேச்சாலே ஒதடு அத உள்ள கூட்டிக்கிட்டுப் போயிடும், குறி பாக்க வேண்டியதே இல்ல.

வாயோட இடைவெளி எவ்ளோ வைக்கிறதுங்கிறதுல நெறைய பேரு தடுமாறுறாங்க. வெயிட்டான நகைன்னா எதிர் வளையத்தோட கம்பி தடிப்ப விட ஒரு 0.3 மில்லி கூட விடுங்க, அழுத்தாமலே உள்ள போகும், நகையோட எடையே அத அடியில இழுத்து வச்சிக்கும். படுத்துட்டாலோ குனிஞ்சாலோ எடை இருக்காதே, அப்ப வளையம் பின்னாடி வந்துடாதான்னு கேக்கலாம், அதுக்குத்தான் முக்கால் வட்டம், வளையம் வெளிய வரணும்னா 5 மில்லியாவது மேல ஏறி திரும்பி வரணும், தானா நடக்காது. ரெண்டு மூணு கிராம் லேசான செயினுக்கு எடைய நம்ப முடியாது, வாய வளையக் கம்பிய விட ஒரு முடி அளவு குறுக்கி லேசா அழுத்துனா உள்ள நழுவுற மாதிரி வைக்கணும்.

செஞ்சு முடிச்ச கொக்கிய பட்டடை மேல வச்சு பிளாஸ்டிக் சுத்தியலால வளைவுல மெதுவா தட்டுங்க. ஊதுறப்போ சூடு பட்டு வெள்ளி பஞ்சு மாதிரி மெத்துன்னு ஆயிருக்கும், தட்டத் தட்டத்தான் விறைக்கும். தட்டிட்டு மறுபடியும் சூடு காட்டிட்டா செஞ்ச வேல வீணு, அதனால பத்தவைப்பு முன்னாடி, தட்டுறது பின்னாடி. 22 காரட் தங்கம் ரொம்ப எளக்கம், தெறந்து மூடித் தெறந்து மூடி வளைச்சா சீக்கிரம் வாய் பொளந்துடும், அதுக்கு வளைக்காமலே நழுவுற அளவு வாய்தான் சரி. விறைப்பு வேணும்னா 18 காரட்ல கொக்கி செய்யலாம், 916 நகைல அப்படி வேற காரட் வச்சா பில்லுல அத தனியா எழுதிக் குடுங்க, பின்னாடி விக்கப் போறப்போ சங்கடம் வராது.

எதிர் வளையத்த மறந்துடாதீங்க. நல்ல கொக்கி செஞ்சிட்டு 0.6 மில்லி ஜம்ப் ரிங்க சும்மா அமுக்கி விட்டா நகை அங்கதான் அறுந்து விழும். 1 மில்லி கம்பி, வாய் பத்தவச்சது, அதுதான் கணக்கு. பத்தவைக்க முடியாத எடத்துல ரிங்க பக்கவாட்டுல முறுக்கித் தெறந்து அதே மாதிரி முறுக்கி மூடணும், ரெண்டு பக்கமும் விரிச்சீங்கன்னா வட்டம் கெட்டு மறுபடி சரியா மூடாது.

கொலுசு, தோடு, கைச்செயின்

கொலுசுல கஷ்டம் வேற. கண்ணுக்குத் தெரியுது, ஆனா குனிய முடியல, முட்டி மடங்கல. சேலத்துல இருந்து வர்ற கொலுசுல திருகு வச்சது பாக்க அழகா இருக்கும், கால நீட்டி உக்காந்து ஒரு பொடி ஆணிய துளைல விட்டு சுத்துறது பெரியவங்களுக்கு ஆகற காரியமா சொல்லுங்க. ஒதடு வச்ச எஸ் கொக்கிய கணுக்காலோட வெளிப்பக்கம் வர்ற மாதிரி வச்சுக் குடுங்க, ஒரு கையாலயே மாட்டலாம்.

தோட்டுல திருகாணி. மரைல ஏத்தறதுக்குள்ள நழுவி பாத்ரூம் ஜலதாரைல போன திருகாணி எத்தன வீட்டுல எத்தனயோ. தண்டோட நுனில ஒரு மில்லி மரை இல்லாம லேசா கூம்பா விடச் சொல்லுங்க, திருகாணி மொதல்ல அதுல உக்காந்து நேராயிட்டு அப்புறம் மரை புடிக்கும். திருகாணி ஓரத்துல வரி வரியா வெட்டு போட்டா எண்ணெ விரலுக்கும் வழுக்காது.

கைச்செயின் ஒத்தக் கையால மாட்டுறது, சின்னப் புள்ளைங்களுக்கே திண்டாட்டம். வளையம் இருக்கிற பக்கத்துல 3 இஞ்சுக்கு வால் செயின் தொங்க விட்டு நுனில ஒரு மணி வைங்க. நகை போடற கையோட மோதிர விரலும் சுண்டு விரலும் அந்த மணிய உள்ளங்கைல இறுக்கிப் புடிச்சிக்கும், இன்னொரு கை நிதானமா கொக்கிய மாட்டிடும்.

சோதிக்காம குடுக்காதீங்க

வாசல்ல வெயில்ல உக்காந்து நீங்களே மாட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாது, உங்க விரல் பழகிடுச்சு. கண்ண மூடிட்டு, இடது கையால, தேங்காண்ணெ தடவுன விரலால, பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு மாட்டிக் கழட்டிப் பாருங்க. கையுறையோட வந்துடுச்சுன்னா மரத்த விரலுக்கும் வரும். அப்புறம் வெவ்வேற வயசுக்காரங்க நாலஞ்சு பேருகிட்ட ஒண்ணும் சொல்லாம குடுங்க, கட்டைவிரல் மொதல்ல எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. எல்லாருக்கும் தப்பான எடத்துக்கே போகுதுன்னா கொக்கியோட உருவம் தப்பா சொல்லிக் குடுக்குதுன்னு அர்த்தம், அந்த எடத்துல ஒரு பள்ளமோ வரியோ போட்டு விரலுக்கு வழி காட்டுங்க. கண்ணு மங்குனவங்களுக்கு கொக்கி கறுப்பு பாலிஷ், வளையம் வெள்ளைன்னு வேற வேற கலரு வச்சா சட்டுனு பிரிஞ்சு தெரியும்.

மாட்டுறது சுலபம்னா அது பாட்டுக்கு கழண்டுடுமோன்னு எல்லாருக்கும் பயம் இருக்கும், நியாயமான பயந்தான். காந்தம் இல்லாத கொக்கில ஒரு லிட்டர் தண்ணி பாட்டில கட்டி ராத்திரி முழுக்க ஆணில தொங்க விடுங்க, ஒரு கிலோ எடை. காலைல வாய் விரிஞ்சிருந்தா கம்பி போதல. அப்புறம் நகைய மாட்டி துண்டுக்குள்ள போட்டு உதறுங்க, சேலைல தேயுங்க, படுத்துப் புரண்டு பாருங்க.

மலிவா வர்ற ரெடிமேட் கொக்கில நிக்கல் பூச்சு இருந்தா கழுத்துல அரிப்பு எடுக்கும் சில பேருக்கு, 925 வெள்ளியோ 316எல் ஸ்டீலோ போட்டுடுங்க, விலை கொஞ்சம்தான் கூடும்.

ஆசாரிகிட்ட குடுத்து செய்றவங்க வாயால "கொக்கி கொஞ்சம் பெருசா வைங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, அவருக்கு பெருசுன்னா என்ன, உங்களுக்கு பெருசுன்னா என்ன. செம்புல செஞ்ச மாதிரிய கைல குடுங்க, உள்வட்டம், கம்பி தடிப்பு, வாய் இடைவெளி மூணயும் மில்லில எழுதிக் குடுங்க. கொக்கி பெருசானா எடையும் ஏறும், அது எவ்ளோன்னு முன்னாடியே கேட்டு வாங்குறவங்ககிட்ட சொல்லிடுங்க.

நகைய டப்பால போட்டு நீட்டிடாம, கடைலயே அவங்களையே மாட்டிக் கழட்டச் சொல்லுங்க, முகம் பாக்குற கண்ணாடி இல்லாம. கூட மகளோ மருமகளோ வந்திருந்தா அவங்களும் ஒரு தடவ கழட்டிப் பாக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவ கொண்டு வரச் சொல்லி வளையத்தயும் கொக்கியோட உள்வளைவயும் பாருங்க, ரெண்டும் உரசி உரசி அங்கதான் தேயும், கம்பி பாதியா தேஞ்சிருந்தா அன்னைக்கே மாத்திக் குடுத்துடுங்க.